பிள்ளை எழுதியதை யார் படிப்பது?

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவ மாணவியரே, இன்று முழுக்க உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அடுத்த அமர்விலாவது முன்னால் வந்து உட்காருங்கள்.

இந்தக் கருத்தரங்கைத் திருப்பாச்சூரில் வைத்தது பொருத்தம். சம்பந்தரும் அப்பரும் பாடிய ஊர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. இங்கிருந்து கிழக்கே திரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இதே மாவட்டத்தின் புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் 2022 ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த காலத்தின் இழப்பைச் சரிக்கட்டி, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் படிக்க, எழுத, கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. 2025 என்று கெடுவும் வைத்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைபிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலர் நிலைக்கு வந்துவிட்ட பிள்ளை அதற்குப் பிறகு எதை, யாருக்காக எழுதும்? எந்தத் திட்ட ஆவணமும் இதற்கு விடை தராது. வகுப்பில் நிற்கிற ஆசிரியர்தான் தர வேண்டும்.

அந்த ஆசிரியரை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம். பிறகு தகுதித் தேர்வு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த இந்தத் தேர்வைத் தமிழ்நாடு 2012இல் முதன்முறையாக நடத்தியது. முதல் தாளில் 150 கேள்விகள், தமிழுக்கு 30. அத்தனையும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு பத்திகூட எழுதாமல் தேறிவிடலாம். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் வேறு வழியில்லை என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எழுத்துப் பயிற்சி முழுவதையும் பட்டயப் படிப்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். அங்கே நடப்பது என்ன? பாடக்குறிப்பு எழுதுகிறார்கள், ரெக்கார்டு எழுதுகிறார்கள். பாதிக்கு மேல் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியதாக இருக்கும். பக்கம் பக்கமாகக் கை ஓடும். சொந்தமாக ஒரு வாக்கியம் வராது. கடைசி வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள்.

பார்த்து எழுதுவதற்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. 1789இல் சென்னை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் மசியவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனைச் சட்டாம்பிள்ளையாக்கி, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். இந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். திண்ணைப் பள்ளியின் உத்தி ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. எழுத்தின் வடிவத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு சட்டாம்பிள்ளை போதும் என்று பெல் காட்டிவிட்டார். அதற்கு மேல் உள்ளதற்குத்தான் ஆசிரியர் தேவை.

அதற்கு மேல் உள்ளது என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: “எங்க அப்பா கம்பனில நைட் சிப்ட். காலைல வந்து தூங்குவாறு. நான் சத்தம் போட கூடாது. தம்பி அழுதா நான் தூக்கினு வெளிய போவேன்.” பயிற்சி மாணவர் சிவப்புப் பேனாவை எடுக்கிறார். கம்பனி என்பதைத் தொழிற்சாலை என்று மாற்றுகிறார். ‘தூங்குவாறு’ என்பதைச் சுழித்து ‘தூங்குவார்’ என்கிறார். ‘போடக் கூடாது’ என்று ஒற்றுப் போடுகிறார். ‘தூக்கினு’ அடிபட்டுப் போகிறது. கீழே கையெழுத்து, தேதி. பிள்ளை சொன்ன செய்தியை அவர் படிக்கவே இல்லை. வெளியே எங்கே போவாய், தம்பி எப்போது அழுகையை நிறுத்துவான் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இன்னும் ஐந்து வரி வந்திருக்கும். மறுநாள் அந்தப் பிள்ளை “பசு ஒரு வீட்டு விலங்கு” என்று எழுதும், பிழை இருக்காது.

பிழையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எதை எப்போது திருத்துவது என்பதே ஆசிரியரின் தொழில்நுட்பம். இந்தப் பக்கத்தில் நான் எடுத்துக்கொள்வது ர, ற மயக்கம் ஒன்றைத்தான். ஒற்று மிகும் இடங்கள் காத்திருக்கலாம். நம் நாளிதழ்களிலேயே அவை இன்னும் காத்திருக்கின்றன. ‘தூக்கினு’ வட மாவட்டத்துப் பேச்சு. எழுத்துத் தமிழில் ‘தூக்கிக்கொண்டு’ என்று பக்கத்தில் காட்டலாம். அதை அடிக்க வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலர். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி அவர்களும் தமிழ் எழுதியாக வேண்டும். செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் சில மாதம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். சிப்காட் தொழிலாளர் வீடுகளில் இந்தி ஒலிக்கிறது. ஈழத்தமிழர் முகாம் பிள்ளைகளுக்கு வேறொரு தமிழ். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு பிள்ளையிடமும் “உனக்கு என்ன சொல் வேண்டும்?” என்று கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்துத் தொடங்கினார். இதைப் பற்றி 1963இல் அவர் வெளியிட்ட புத்தகம் நம் பயிற்சி வகுப்புகளுக்கு இன்னும் புதிதுதான். சூளைப் பிள்ளை கேட்கும் முதல் சொல் எந்த அரிச்சுவடியிலும் இருக்கப்போவதில்லை.

1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய ஆசிரியர் எழுத்துத் திட்டத்துக்கு ஒரே பிடிவாதம்: எழுதக் கற்பிக்கிறவர் தாமும் எழுத வேண்டும். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கூடி, எழுதி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். நமக்கு அதைவிடச் செலவில்லாத வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பயிற்சி மாணவர் ஒரு பக்கம் எழுதட்டும். மதிப்பெண் வேண்டாம், பக்கத்திலிருப்பவர் படித்து இரண்டு கேள்வி கேட்கட்டும். பயிற்றுநரும் எழுத வேண்டும், அதில் சலுகை கூடாது. கல்வித்துறையே ‘கனவு ஆசிரியர்’ இதழ் நடத்துகிறது. பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இருக்கின்றன. எழுதினால் போட இடமில்லை என்று சொல்ல முடியாது.

இன்று கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் தலைவர் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். அட்டவணைகளையும் சதவீதங்களையும் திரையில் காட்டுவதற்கு முன், நீங்கள் போன பள்ளியில் ஒரு பிள்ளை தன் கையால் எழுதிய பக்கம் ஒன்றைக் காட்டுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் என்ன கேட்டிருப்பீர்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கம் கைவசம் இல்லாதவர்கள் பிற்பகல் அமர்வில் பேசலாம். உணவு இடைவேளை ஒன்றரை மணிக்கு, பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது.