பவளத்தொட்டியில் முதல் கீமா

சிலாங்கூர்க் கரையோர மக்களுக்கு மட்டி என்றால் சேற்றுப் படுகையில் விளையும் கெராங்கும் சந்தையில் நிறுத்து விற்கும் லாலாவுமே முதலில் நினைவுக்கு வரும். மலாய் மொழியில் கீமா எனப்படும் பெருமட்டியோ பவளப்பாறைகளில் வாழ்ந்து, ஓட்டின் விளிம்புக்கு வெளியே நீலமும் பச்சையும் மின்னும் சதைமடலை விரித்து வெயில் காயும் வேறொரு பிறவி. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் பவளத்தொட்டி அமைத்து அதில் முதல் கீமாவை வைக்க விரும்புபவர், கண்ணைப் பறிக்கும் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கலையில் தேர்ச்சி என்பது நிறத்தைக் கடைசியில் பார்ப்பதுதான்.

மாண்டில் எனப்படும் அந்தச் சதைமடலுக்குள் ஒரு செல் பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. பவளத்தில் இவை உயிரணுக்களுக்கு உள்ளேயே தங்குகின்றன. கீமாவிலோ இரைப்பையிலிருந்து கிளைத்து மடல் முழுவதும் பரவும் நுண்குழாய்களுக்குள் தங்கி, ஒளியைக் கொண்டு தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகின்றன. நாம் வியக்கும் நிறமும் அலங்காரத்துக்கு வந்ததன்று. இரிடோசைட் என்னும் ஒளிசிதறும் உயிரணுக்கள், வெயிலைச் சிதறடித்து ஆழத்தில் அடுக்காக நிற்கும் பாசிகளுக்கும் எட்டச் செய்கின்றன என ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். ஆகவே கீமாவுக்கு முதல் உணவு விளக்கின் ஒளிதான். நீரை வடித்து உண்பதும் கரைந்த நைட்ரஜன் சத்துகளை உறிஞ்சுவதும் அதற்குத் துணையாக நிற்பவை.

கடைத் தொட்டிகளில் பெரும்பாலும் கிடைப்பவை நான்கு இனங்கள். குரோசியாவும் மாக்ஸிமாவும் நிறத்தில் முதலிடம் பிடிப்பவை என்றாலும், ஆழமற்ற கடலின் உச்சிவெயிலுக்குப் பழகியவை என்பதால் மிகுந்த ஒளி கேட்பவை. அதிலும் குரோசியா பாறையைத் துளைத்து அதற்குள் அமர்ந்து வாழ்வது. ஓட்டில் அடுக்கடுக்காகச் செதில்கள் நீட்டி நிற்கும் ஸ்குவாமோசாவும், வழவழப்பான ஓடுடைய டெராசாவும் சற்றுக் குறைந்த ஒளியிலும் தேறுபவை, தொட்டியின் சிறு தவறுகளைப் பொறுப்பவை. முதல் மட்டியாக இவ்விரண்டில் ஒன்றையே, அதுவும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்ததையே வாங்க வேண்டும். அதைவிடச் சிறிய குஞ்சுகள் மிக எளிதாக நலிந்துபோகும்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் கண்டிப்பு வேண்டும். மலேசியாவில் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1999இல் வந்த விதிகள் கீமா இனங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்துள்ளன. எனவே தியோமானிலோ செம்பூர்ணாவிலோ விடுமுறைக்குச் சென்றவர் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவருவது குற்றமாகும். வெளிநாட்டிலிருந்து வருபவையும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அடங்குபவை. அவ்வணிகத்தை இந்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 686ஆம் சட்டம் ஆள்கிறது. பலாவ் தீவின் கடல்வளர்ப்பு மையத்தில் ஜெரால்ட் ஹெஸ்லிங்காவும் அவர் குழுவினரும் 1980களில் பெருமட்டிகளைப் பெருமளவில் இனப்பெருக்கம் செய்து காட்டியதால்தான், இன்று பண்ணையில் பிறந்த மட்டியைக் கேட்டு வாங்க வழி பிறந்திருக்கிறது. சபாவில் காயா தீவிலும் போஹேடுலாங் தீவிலும் உள்ள வளர்ப்பகங்கள் குஞ்சுகளை வளர்த்துக் கடலுக்கே திருப்பி அளிக்கின்றன. அவ்வளவு பாடுபட்டு மீட்கப்படும் உயிரை, பிறப்பிடம் சொல்ல முடியாத கடைக்காரரிடம் வாங்குவது எந்த வகையிலும் நியாயமாகாது.

மட்டி வருமுன் தொட்டி முதிர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதம் குறைந்தபட்சம், ஓராண்டு நல்லது. கோலாலம்பூர் வெப்பத்தில் மூடிய அறையின் தொட்டி, விளக்கும் பம்புகளும் சேர்ந்து எளிதில் 30 பாகையைத் தொட்டுவிடும்; அதை 25 முதல் 27 வரை நிறுத்தக் குளிர்விப்பானான சில்லர் இன்றியமையாதது. கிள்ளான் துறைமுகக் கடல்நீர் கலங்கல் மிக்கதாகையால், ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில் செயற்கை உப்பைக் கரைத்து, உவர்மை ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்குமாறு தயாரிப்பதே பாதுகாப்பு. ஓடு சுண்ணாம்பால் ஆவதால், லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்க வேண்டும். காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச் வரை நிலையாக நிற்க வேண்டும். பலர் இடறும் இடம் இதுதான்: நீர் தூய்மையாக இருந்தால் போதும் என்று எண்ணி, நுரைவடிப்பானான ஸ்கிம்மராலும் வேதி வடிகட்டிகளாலும் நைட்ரேட்டைச் சுழியத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். உள்ளிருக்கும் பாசிக்கு உரமாவதே அந்த நைட்ரேட் ஆதலால், மீன்களுள்ள தொட்டியில் அது லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் அளவில் இருப்பது நன்மையே.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் கூடாது. தொட்டியின் மேல் கையை அசைத்து நிழல் விழச் செய்தால், நலமான மட்டி சட்டென மடலை உள்ளிழுக்கும். மந்தமாக அசைவதை விட்டுவிட வேண்டும். நீரை உள்ளிழுக்கும் நீண்ட பிளவு அளவாகத் திறந்திருக்க வேண்டும். அகன்று வாய்பிளந்து கிடந்தால் அது உயிர் தளர்ந்ததற்கு அடையாளம். அடிப்புறத்தில் பைசஸ் எனப்படும் இழைக்கொத்து வெளிவரும் துவாரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: கல்லிலிருந்து பிய்த்தெடுத்து அங்குள்ள சதையைக் கிழித்திருந்தால், மட்டி சில நாட்கள் அழகாகவே விரிந்திருந்து பிறகு மடியும். செதில்களின் இடுக்கிலும் அத்துவாரத்தைச் சுற்றியும் அரிசிமணி போன்ற வெண்ணத்தைகள் வரிசையாக ஒட்டியிருக்கக் காணலாம். பிரமிடெல்லிட் என்னும் இவை பகலில் மறைந்து இரவில் உடல்நீரை உறிஞ்சுபவை. அவற்றையும் முட்டைகளையும் மென்மையான பல்துலக்கியால் தேய்த்து நீக்கிய பிறகே தொட்டியில் விடலாம்.

வீட்டுக்கு வந்ததும் மணற்பரப்பில், ஒரு தட்டைக்கல்லின் மேல் அமர்த்தினால், அது இழை ஊன்றிய பிறகும் கல்லோடு தூக்கி இடம் மாற்றலாம். ஒளியைச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பம்பின் பீச்சு நேராக மடலில் அடிக்கக் கூடாது. வண்ணத்துப்பூச்சி மீனும் பெரிய ஏஞ்சல் மீன்களும் மடலைக் கொத்துபவை ஆதலால் அந்தத் தொட்டிக்கு ஆகாதவை. ஓட்டின் மேல்விளிம்பில் பளிச்சென்ற புதுவெள்ளைக் கோடு அகன்றுகொண்டே போவதுதான் நலத்துக்கு உறுதியான சான்று. அது நின்றுபோன நாளில் கால்சியத்தையும் காரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

ஸ்குவாமோசா 40 சென்டிமீட்டர் வரையும் டெராசா 60 சென்டிமீட்டர் வரையும் வளரக்கூடியவை. தொட்டி சிறிதென்றால், வளர்ந்த மட்டியை ஏற்கப் பெரிய தொட்டியுள்ள வேறொரு வளர்ப்பவரிடம் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கோ பிறந்து, பல நீர்களைக் கடந்து வந்த மட்டியோடு நோய்க்கிருமியும் ஒட்டுண்ணியும் சேர்ந்து பயணிக்கும் என்பதால், அதைப் போர்ட் டிக்சன் கடலிலோ வேறெந்தக் கடலிலோ விட்டுவிடலாகாது.