முப்பது வருஷத்து ஆடிட்டர்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில், வணிகவியல் துறையின் 1978–81ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னிடம், "நீ ஜப்பானில் இருந்தவன், அந்த ஊர் உழைப்பைப் பற்றிப் பேசு" என்றார். அதைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் அங்கே கண்ணால் பார்த்த வேறொன்றைச் சொல்கிறேன். ஒரு பெரிய ஆடிட் நிறுவனம் என் கண் முன்னால் ஒரு வருஷத்தில் காணாமல் போனது.

ஆடிட்டிங் பேப்பரில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு என்று ஒன்று வருமே, நினைவிருக்கிறதா? 1896. மில்லில் இருந்த சரக்கைக் கூட்டிக் காட்டிவிட்டார்கள், மேனேஜர் கொடுத்த சான்றிதழை ஆடிட்டர் நம்பிவிட்டார். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று தீர்ப்பு. நம்ம சார் இதை ராகம் போட்டுச் சொல்லுவார், நாமும் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம். ஜப்பான் கதையும் ஒரு பஞ்சு மில்லில்தான் தொடங்குகிறது.

கானெபோ என்று ஒரு கம்பெனி. 1887இல் ஆரம்பித்தது. நூற்பு மில்லாக வளர்ந்து, பிற்காலத்தில் அழகு சாதனப் பொருட்களுக்குப் பேர் போனது. துணி வியாபாரம் படுத்துவிட்டது, நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. வெளியே சொல்ல மனசு வரவில்லை. வராத விற்பனையை வந்ததாக எழுதினார்கள். நஷ்டத்தில் ஓடிய ஒரு போர்வைக் கம்பெனியைக் குழுமக் கணக்கில் சேராதபடி பங்குகளை மாற்றி வைத்தார்கள். 2005இல் குட்டு உடைந்தபோது, ஐந்து வருஷத்தில் மட்டும் சுமார் 21,500 கோடி யென் புரட்டு என்று தெரிந்தது. அந்தக் கணக்குகளுக்குக் கையெழுத்துப் போட்டது சூவோ ஆவோயாமா என்ற ஆடிட் நிறுவனம். ஜப்பானின் நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்களில் ஒன்று. உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸின் ஜப்பான் கூட்டாளி. (ஆவோயாமா என்றால் நீல மலை. நம்ம நீலகிரிதான்! இதைக் கேட்டதிலிருந்து அந்தப் பேர்மேல் எனக்கு ஒரு பாசம்.) டொயோட்டாவும் சோனியும் அதன் வாடிக்கையாளர்கள்.

கானெபோவுக்கு அவர்கள் சுமார் முப்பது வருஷமாக ஆடிட்டர். 2005 செப்டம்பரில் அந்த ஆடிட்டர்கள் கைதானார்கள். மூவர்மேல் வழக்கு நடந்து தண்டனையும் ஆனது, ஆனால் ஜெயிலுக்குப் போகாதபடி நிறுத்தி வைத்தார்கள். தெரியாமல் ஏமாந்தவர்கள் இல்லை, தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள் என்பதுதான் ஊரை உலுக்கியது.

நான் 2004 முதல் 2008 வரை டோக்கியோவில் ஒரு உற்பத்திக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கப் போனவன். அந்தக் கம்பெனிக்கும் இவர்கள்தான் ஆடிட்டர். எங்கள் மாடியில் அவர்களுக்கென்று ஒரு இரும்பு அலமாரி. சாவி அவர்களிடம். காலையில் வரும் இரண்டு இளைஞர்கள் ராத்திரி பத்து மணிக்கும் வவுச்சரைப் புரட்டிக்கொண்டு இருப்பார்கள். தேநீர் கொடுத்தால் எழுந்து நின்று குனிந்து வாங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல என் நாக்கு எழாது.

2006 மே 10ஆம் தேதி அரசின் நிதிச் சேவை முகமை உத்தரவு போட்டது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, இரண்டு மாதம், சட்டப்படியான தணிக்கை வேலையைச் செய்யக்கூடாது. இரண்டு மாதம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தடை வந்த அன்றே ஆடிட்டர் தகுதி போய்விடுகிறது. கம்பெனி தற்காலிகமாக வேறு ஆடிட்டரை நியமித்தாக வேண்டும். வேறு பெரிய நிறுவனங்களுக்கோ ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு வாரம் போனும் கையுமாக அலைந்து, கடைசியில் ஒரு சின்ன நிறுவனத்தைப் பிடித்தார். ஜூன் கடைசி நாள் அந்த இரண்டு இளைஞர்களும் வந்து அலமாரியைக் காலி செய்து, சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்கள். மாடி முழுக்க எழுந்து நின்றோம். யாரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். கூட்டாளி நிறுவனம் அந்தக் கோடையிலேயே ஆராட்டா என்று புது நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது, டொயோட்டாவும் சோனியும் அங்கே போயின. மிச்சம் இருந்தவர்கள் செப்டம்பரில் மிசுஸு என்று பேர் மாற்றித் திறந்தார்கள். வருஷக் கடைசியில் அவர்கள் ஆடிட் செய்த நிக்கோ கார்டியல் என்ற பங்குத் தரகுக் குழுமத்தின் கணக்கிலும் புகார் வெடித்தது. 2007 ஜூலையோடு ஆடிட் வேலையை விட்டார்கள். ஆட்கள் மற்ற மூன்று பெரிய நிறுவனங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

ஒருநாள் ராத்திரி பிரிவுத் தலைவரிடம் கேட்டேன், "தெரிந்தும் எப்படி சார் கையெழுத்துப் போட்டார்கள்?" அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "முப்பது வருஷம் வந்தால் விருந்தாளி வீட்டு மனுஷன் ஆகிவிடுகிறான். வீடு எரிகிறது என்று வீட்டு மனுஷன் தெருவில் நின்று கத்துவானா?" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஜப்பான் இல்லை. இந்த மேடையில் இதுவரை சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

1982. ஆர்ட்டிகிள்ஸ் செய்துகொண்டிருந்த காலம். கோவைப் பக்கம் ஒரு மில்லில் வருஷக் கடைசிச் சரக்கு எண்ணப் போனேன். முதலாளி வாசலுக்கே வந்து, "வாங்க கண்ணு, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல எளநி குடிங்க" என்றார். அவர் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. என் அக்கா கல்யாணத்துக்கு மொய் எழுதியவர். குடோனில் பஞ்சுப் பேல்கள் சுவர் மாதிரி அடுக்கி இருந்தன. முன்வரிசையை எண்ணி, உயரத்தால் பெருக்கி, உள்ளே எத்தனை வரிசை என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். ஏறிப் பார்க்க ஏணி இருந்தது. ஏறவில்லை. ஆபீசில் சீனியர், "பேல் எண்ணினியாப்பா?" என்றார். "எண்ணிட்டேன் சார்" என்றேன். இரண்டு வருஷம் கழித்து மில் மூடியது. நடுவில் பாதி வெறும் இடம் என்று அப்புறம் பேச்சு வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. பாக்கிச் சம்பளத்துக்கு கேட் முன்னால் உட்கார்ந்தவர்களில் நம்ம ஹாஸ்டல் சமையல்காரரின் தம்பியும் ஒருவர். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், "சௌக்கியமா தம்பி?" என்று கேட்டார்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். 2003இலேயே அங்கே சட்டம் திருத்தி, ஒரே ஆடிட்டர் ஒரே பெரிய கம்பெனியில் ஏழு வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போடக்கூடாது என்று ஆக்கியிருந்தார்கள். 2007இல் பெரிய நிறுவனங்களின் தலைமை ஆடிட்டர்களுக்கு அதை ஐந்தாகக் குறைத்தார்கள். அபராதம் போடவும் வழி செய்தார்கள். முதல் அபராதம் 2015இல், தோஷிபா கணக்கு விவகாரத்தில் ஷின் நிஹோன் என்ற நிறுவனத்துக்கு, சுமார் 211 கோடி யென். கூடவே மூன்று மாதம் புது வாடிக்கையாளர் கூடாது. பழைய வேலையைத் தொடர விட்டார்கள். இன்னொரு பெரிய நிறுவனம் சாய்ந்தால் கணக்குப் பார்க்க ஆள் ஏது என்ற பயம் இருந்திருக்கும் என்பது என் அனுமானம்.

ஆள்தான் அங்கே மாற வேண்டும், நிறுவனம் மாற வேண்டாம். நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டம், பட்டியலிட்ட கம்பெனிகளில் பத்து வருஷம் ஆனால் நிறுவனத்தையே மாற்றச் சொல்கிறது. நம்ம சட்டம்தான் கெட்டி என்று எனக்குத் தோன்றும். ஆனால் ஏணியில் ஏறச் சொல்லும் சட்டம் எது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மிசுஸு கலைந்தபோது கியோட்டோ கிளையினர் மட்டும் தனியாக ஒரு நிறுவனம் வைத்தார்கள். 2023 டிசம்பரில் அதுவும் ஆராட்டாவும் ஒன்றாகின. 2006இல் பிரிந்தவர்களில் ஒரு பகுதியினர் பதினேழு வருஷம் கழித்து ஒரே கூரைக்குக் கீழே! செய்தியைப் பார்த்ததும் என் பழைய பிரிவுத் தலைவருக்கு எழுதினேன். ஓய்வு பெற்று ஊரில் தோட்டம் போட்டிருக்கிறார். ஒரு வரிதான் பதில் வந்தது: அந்த அலமாரியை யாரும் எடுக்கவில்லை, இப்போதைய ஆடிட்டர்கள் அதில்தான் ஃபைல் வைக்கிறார்களாம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறிவிடும்.