பிள்ளைகளும் களிமண்ணும்
(ஆனைக்குட்டத்தில், நம் சங்கக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிச் சிறார்க்கு மண்வினை பயிற்றுவது குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பொருளின் பெயரைக் கேட்ட அளவிலே உங்களிற் சிலர் முகம் சுளித்ததை யாம் கண்டோம். “சக்கரத்தை விட்டுப் புத்தகத்துக்கு வந்த வேளார் வீட்டுப் பிள்ளை கையில் மறுபடியும் மண்ணைக் கொடுப்பதா?” என்பதே அச்சுளிப்பின் பொருள். அஃது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. ஆதலின் அதனையே முதற்கண் எடுத்துக்கொள்வோம்.

1953-ஆம் ஆண்டில், முதலமைச்சராயிருந்த இராஜாஜி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாமென்று ஒரு திட்டம் வகுத்தார். எதிர்த்தோர் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டனர். மறு ஆண்டு, நம் விருதுநகரிற் பிறந்த காமராசர் முதலமைச்சரானார், அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று அது நிலைத்திருப்பின், நம்மவரில் எத்துணைப் பேர் இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அமர்ந்திருப்பர் என்பதை நீவிரே எண்ணிக்கொள்க. இதுவன்றியும், சிவகாசிச் சுற்றுவட்டாரத்திலே சிறு கைகள் தீக்குச்சி அடுக்கிய காலம் நெடுந்தொலைவில் இல்லை. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் அளித்த தீர்ப்பு இவ்வூர்ப் பிள்ளைகளைப் பற்றியதே. பிள்ளையின் கைத்திறம் என்றாலே இங்குள்ள தாய்மார் துணுக்குறுவதற்குக் காரணம் உண்டு.

ஆயின் கை வேலை செய்வது வேறு. கையாற் கற்பது வேறு. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைக்கும் கொள்கையை முன்வைத்தார். பிள்ளைகள் செய்த பொருளின் விலையால் பள்ளிச் செலவு ஓரளவேனும் நடைபெறும் என்றும் அவர் கருதினார். இப்பிற்பகுதி எமக்கு உடன்பாடன்று. விலை வந்து புகுந்த இடத்தில் பிள்ளை கூலியாளாகி விடுகிறான். சேவாகிராமத்தில் 1944 முதல் ஓவிய ஆசிரியராயிருந்த தேவி பிரசாத், தாமே தேர்ந்த குயவராயும் விளங்கியவர். அவர் கலையைக் கல்வியின் அடிப்படை என்றே கொண்டார். யாம் செல்ல விரும்புவது அவ்வழி. ஆதலின் எம் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து பிசைவர்; செய்தது ஒன்றும் விற்கப்படாது; மதிப்பெண்ணும் இல்லை. வேளார் பிள்ளையை மட்டும் பிரித்தழைத்து, “உனக்குத்தான் இது வருமே” என்று சொல்லும் ஆசிரியர் எவராயினும் அவரிடம் மண்ணைக் கொடாதிருப்பதே நலம்.

புறநானூற்றின் 32-ஆம் பாட்டில் கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுங்கால், இந்நாடு அவன் நினைத்த வடிவெல்லாம் கொள்வதற்கு, குயவர் மரபின் இளைஞர் சக்கரத்தில் வைத்த ஈர மண்திரளை உவமை கூறுகின்றார். அரசனுக்குச் சிறுவர் கையை ஒப்பிட நாணாத புலவர் அவர்! நாம் ஏன் நாணுதல் வேண்டும்?

இனிச் செய்முறை. நம் கரிசல் மண் தனித்து உதவாது. நீர் பட்டால் உப்பும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் நிலம் பிளந்து கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். கண்மாய்க் களிமண்ணே ஏற்றது. அதனைக் காயவைத்து இடித்து, ஊறவிட்டு, கல்லும் வேரும் போக வடித்து, நுண்மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். விரற் பருமனில் திரித்து விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் மிகுதி; கையில் அப்பிக்கொண்டால் குறைவு. இச்சோதனையைப் பிள்ளைகள் கணக்குப் பாடத்தினும் விருப்பமாகச் செய்வர்.

சக்கரம் வேண்டா. ஈர மண்ணை ஈரத் துணிமேல் வைத்து, உருட்டுக்கட்டையால் அரை விரற்கடைக் கனத்துக்குப் பரப்புக. அடுத்தது இலை. அரசிலை, ஆலிலை, பூவரசிலை ஆகியவற்றின் அடிப்புறத்தில் நரம்பு புடைத்திருக்கும். அப்புறமே மண்ணிற் படிதல் வேண்டும். பிள்ளைகள் முதலில் பளபளப்பான மேற்புறத்தையே வைப்பர். வைக்கட்டும், பதிவு தெளியாமை கண்டு தாமே திருப்புவர். எருக்கிலை வேண்டா, அதன் பால் கண்ணுக்குத் தீங்கு. கம்பங்கதிரை உருட்டினால் முத்து முத்தாய்ப் பதியும். கருவேலங்காய் மணிகோத்த மாலைபோற் பதியும். ஓலைப்பாயின் துண்டு, பனைநார், வேப்பம்பட்டை, நத்தையோடு என, பள்ளியிலிருந்து ஆற்றங்கரை போய்த் திரும்புவதற்குள் மடி நிறையப் பொறுக்கி வருவர். இலையின் ஒருபுறம் மென்மையும் மறுபுறம் நரம்பும் ஏன் என்று ஒரு பிள்ளை வினவுமாயின், அன்றைய அறிவியற் பாடம் அங்கேயே தொடங்கியதாகும்.

பதித்த பரப்பை ஒரு கிண்ணத்தின் உட்புறம் துணியிட்டுப் படியவைத்தால் அதுவே தட்டாகிவிடும். சிரட்டையின் மேற்புறம் கவிழ்த்து வைப்போர், மண் இறுகுமுன் எடுத்துவிட வேண்டும். உலருங்கால் மண் சுருங்கும், சிரட்டை சுருங்காது, ஆதலின் பிளவு உறுதி.

உலர்த்தலில்தான் இவ்வூர்க்குத் தனித் தொல்லை. பட்டாசுத் தொழிலுக்கு இசைந்த வறட்காற்றே பச்சை மண்ணுக்குப் பகை. வெயிலில் வைத்தால் விளிம்பு முந்தி உலர்ந்து வளையும். நிழலில், ஈரத்துணி போர்த்தி, நாளும் புரட்டிவிட்டுச் சில நாள் பொறுத்தல் வேண்டும். பிடிக்காமற் போனவை நீரில் ஊறி மறுபடி மண்ணாகும். சுடாத மண்ணுக்கு அந்த இரக்கம் உண்டு. தீயில் ஏறக்குறைய 600 பாகை செல்சியசைக் கடந்தபின் அது திரும்பாது.

சுடுதலைப் பற்றி ஒன்று கண்டிப்பாய்ச் சொல்வோம். மருந்து வேலை நடக்கும் ஊர்களில் பள்ளி முற்றத்தில் எவ்வளவு சிறிய தீயும் மூட்டலாகாது. நன்கு உலர்ந்தவற்றை வைக்கோலிற் பொதிந்து, சூளை வைத்திருக்கும் நம்மவரிடம் கொண்டு செல்க. ஈரம் எஞ்சியது ஆவியாகிப் பொருளை உடைக்கும். பக்கத்துப் பாண்டமும் கெடும். பதித்த இலை எரிந்து போகும், நரம்பு மட்டும் நிற்கும். இத்தட்டுகளில் உண்ணல் வேண்டா. வரிகளுக்கிடையே அழுக்குத் தங்கும். பூவும் விபூதியும் வைக்கலாம்.

இத்தகைய பதிவு புதிதன்று. ஜப்பானில் மோர்ஸ் என்னும் அறிஞர் 1877-இல் ஓமோரியில் தோண்டியெடுத்த பழம்பாண்டங்களிற் கயிற்றுத் தடம் இருந்தது; ஜோமோன் என்று ஒரு காலத்துக்கே பெயர் வந்தது அதனாலே. நம் அருச்சுனா நதி சென்று கலக்கும் வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டையில், 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சுடுமண் பொருள்கள் பல வெளிப்பட்டன. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறப்பட்டுள்ளன. எம் பிள்ளைகளும் தட்டின் அடியில் தம் பெயரைக் கீறுகின்றனர்; முன்னெழுத்தோடு கீறுவோரும் உளர்!

சங்கத்தை யாம் வேண்டுவன சில. 2024-இல் அரசு விதியைத் தளர்த்தி, உழவரும் மட்பாண்டத் தொழிலாளரும் கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியரே இசைவு தரலாமென்று ஆக்கியது. அவ்வாறு மண் எடுக்கும் நம்மவர் பள்ளிக்கும் ஒரு வண்டி தந்துதவலாகாதா? மற்றொன்று, சக்கரம் சுற்றிய கை இன்னும் தளராத பெரியவர் ஒருவர் மாதம் இருமுறை வகுப்புக்கு வரவேண்டும். அவர்க்கு ஆசிரியர் நாற்காலி இடப்படும். நாட்கூலியும் போக்குவரத்தும் சங்க நிதியிலிருந்து தரப்பட வேண்டும். இனாமாக அழைக்க எமக்கு மனமில்லை. மண்ணை ஊறவைக்கப் பள்ளியில் தொட்டி ஒன்று உளது. மழைக்காலத்துக்கு முன்னரே மண் வந்து சேருமாயின், தீபாவளி விடுமுறைக்குள் முதற் சூளைக்கு ஏற்பாடு செய்துவிடலாம்.