திட்டாமல் தூக்கி வாருங்கள்

(கல்மண்டபத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20 பேருக்கு மேல் கள்ளச்சாராயத்தால் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். குடித்தது மெத்தனால், பெயிண்ட், வார்னிஷ் தொழிலுக்கான இரசாயனம்.

செத்தவர்களை எண்ணுகிறோம். பிழைத்தவர்கள் வீட்டை யார் எண்ணுவது? மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். கூலிக்காரருக்குக் கண் போனால் கூலியும் போயிற்று. வட்டிக்கடன் மனைவி தலையில் விழும். பிள்ளை பள்ளியை விட்டு வேலைக்குப் போகும். கள்ளக்குறிச்சியில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என அரசு அறிவித்தது. தகப்பனும் தாயும் திரும்பி வருவார்களோ?

இவ்விஷம் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். போதை தெளியட்டும் என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். சீக்கிரம் வந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் கண்ணையும் உயிரையும் காக்கக்கூடும்.

"திட்டுவீங்கன்னு பயந்துதான் ஐயா வரல" என்றார் ஒரு தாய். அது எங்களைக் குத்தியது. பிரசங்கபீடத்தில் நின்று குடிகாரரைத் திட்டியவர்களில் நாங்களும் உண்டு.

நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் காரணம் கேட்கவில்லை; சத்திரத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டான். உங்கள் காணிக்கை அந்தச் செலவில் சேருகிறது. துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் கூலிக்குப் போகிற நம் தெருக்களில், குடித்தவர் ஒருவர் "கண் மங்குது" என்றால் திட்டாதேயுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.