வந்தான், வந்தார், கேம்

(ஓமலூரில் மாலைநேர ஆங்கில வகுப்பு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வாரம் உங்களுக்கு ஆங்கில இறந்தகாலப் பாடம், அதாவது பாஸ்ட் சிம்பிள். நடந்து முடிந்ததைச் சொல்லும் வினை வடிவம் அது. இலக்கணப் பாடத்தில் சாதி ஒழிப்புப் பேசுகிறவனுக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். வேலை இருக்கிறது.

முதலில் பயத்தை விடுங்கள். 'வா' என்பதை இறந்தகாலத்தில் சொல்லத் தமிழில் எத்தனை வடிவம்? வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன. மொத்தம் பத்து. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'கேம்' ஒன்றுதான். ஐ கேம், யூ கேம், ஹீ கேம், தே கேம். 'வாஸ்', 'வேர்' மட்டும் விலக்கு. பத்தை ஆளுகிறவர்களுக்கு ஒன்று கஷ்டமா?

இந்தப் பத்தில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. அறுபது வயதுச் சேரிப் பெரியவர் காட்டு வேலைக்கு வந்ததை ஊர்த்தெருப் பையன் எப்படிச் சொல்கிறான்? 'வந்தான்' என்கிறான். அதே பையனின் அப்பாவைப் பற்றி அந்தப் பெரியவர் 'வந்தாருங்க' என்று சொல்ல வேண்டும். வினைச்சொல்லின் வாலில் சாதி உட்கார்ந்திருக்கிறது. 'கேம்' என்ற சொல்லில் அது உட்கார இடமில்லை.

அதற்காக ஆங்கிலம் சமத்துவ மொழி என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வயதான கறுப்பின ஆண்களையும் 'பாய்' என்றுதான் வெள்ளையர்கள் கூப்பிட்டார்கள். இலக்கணம் நம்மை விடுவிக்காது. தமிழில் எல்லாரையும் 'வந்தார்' என்று சொல்ல எந்த இலக்கணமும் தடையில்லை. தடை மனசில் இருக்கிறது.

அடுத்து, பலரும் தடுக்கி விழும் இடம்: 'ஐ டிட் நாட் வென்ட்'. இது ஏன் வருகிறது? தமிழில் 'போகவில்லை' என்றால் நேற்றா, இப்போதா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தெரியாது. ஆங்கிலத்தில் காலத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையை 'டிட்' தூக்கிக்கொள்கிறது. ஒருவர் தூக்கினால் போதும் என்பதால் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடுகிறது. ஐ டிட் நாட் கோ. கேள்வியிலும் அப்படித்தான்: டிட் யூ கோ?

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். நம் சாட்சியம் தமிழில் இருந்தாலும், அங்கே தீர்ப்பு ஆங்கில இறந்தகாலத்தில்தான் எழுதப்படுகிறது.

நம் ஓமலூர்ப் பிள்ளை கோகுல்ராஜ், பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. அதைத் தற்கொலையாகக் காட்டவும் முயன்றார்கள்.

இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். ஹீ டைட். ஹீ வாஸ் ஃபவுண்ட் டெட். தே கில்ட் ஹிம். செத்தார், பிணமாகக் கிடந்தார், அவரைக் கொன்றார்கள். மூன்றும் இறந்தகாலம்தான். ஆனால் முதல் இரண்டில் கொலைகாரன் இல்லை. சாதிக்கு அந்த இரண்டுதான் பிடிக்கும். மூன்றாவது வாக்கியத்தில்தான் எழுவாயாகக் குற்றவாளி வந்து நிற்கிறான். அந்த வாக்கியத்துக்காக அவருடைய தாயார் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். 2022 மார்ச்சில்தான் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எனவே புகார் எழுதும்போது யார், என்ன செய்தார், எங்கே, எந்தத் தேதியில் என்று நேராக எழுதப் பழகுங்கள். தேதி சொன்னால் பாஸ்ட் சிம்பிள்தான் வரும். 'ஹீ ஹேஸ் கம் எஸ்டர்டே' என்பது பிழை. இதைப் பயில நல்ல புத்தகம் அண்ணல் அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. 1901இல் சிறுவனாக அண்ணனோடு அப்பாவைப் பார்க்கப் போன பயணம் அதில் வருகிறது. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டினார்கள். எளிய வாக்கியங்களில் எழுதியிருக்கிறார். அகராதியை வைத்துக்கொண்டு நீங்களே படித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. பாஸ்ட் சிம்பிள் முடிந்துபோனதற்கு மட்டும் உரியது. 'சாதியெல்லாம் அந்தக் காலத்துல இருந்துச்சுங்க, இப்ப யாரு பார்க்கிறா' என்று யாராவது சொன்னால், அது இலக்கணப் பிழை. சுடுகாடு இன்னும் இரண்டாக இருக்கிற ஊரில் 'இருந்தது' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 'இருக்கிறது' என்று திருத்துங்கள். 'சாதி இருந்தது' என்று நம் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதும் நாளுக்காகத்தான் வேலை செய்கிறோம்.

ஜெய் பீம்.