எண்ணும் கமகமும்



வீணையின் தந்தியை விரல் மீட்டுகின்றது, நாதம் எழுகின்றது. அந்த நாதத்தை இக்காலத்தில் கணிப்பொறியில் பதிந்து வைக்கின்றோம். ஆயின் அப்பொறிக்குள் தந்தியும் இல்லை, நாதமும் இல்லை. வரிசை வரிசையாக எண்களே உள்ளன. அவ்வெண்களிலிருந்து பின்னர் மீண்டும் நாதம் பிறக்கின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது? இம்மாற்றத்தில் நாம் எதையேனும் இழந்துவிடுகின்றோமா? இவ்விரண்டு வினாக்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் முதிய வீணை ஆசிரியை ஒருவர். அவருடைய வாசிப்பைப் பதிவு செய்வதற்காக ஒரு மாலை அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். என் கருவி ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கின்றது என்று சற்றுப் பெருமையோடு சொன்னேன். அவர் புன்னகை செய்து, "எத்தனை முறை அளந்தால் என்ன, தம்பி? ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே இடைவெளி இருக்கத்தானே செய்யும்? என் கமகம் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

விடை கூறுமுன் ஒலி செல்லும் வழியைப் பார்ப்போம். தந்தி அதிரும்போது வீணையின் குடமும் அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. ஒலிவாங்கியில் உள்ள மெல்லிய தகடு அக்காற்றுக்கேற்ப முன்னும் பின்னும் ஆடுகின்றது. அவ்வாட்டம் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாறுகின்றது. இதுவரையில் எண் எதுவும் இல்லை. காற்றின் அலையும் மின்சார அலையும் உருவமும் நிழலும் போல ஒத்துச் செல்கின்றன.

இனித்தான் எண் நுழைகின்றது. மருத்துவமனையில் செவிலியர் குறித்த நேரங்களில் நோயாளியின் காய்ச்சலை அளந்து தாளில் குறித்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறித்த புள்ளிகளை இணைத்தால் காய்ச்சலின் போக்கு தெரிந்துவிடும். காய்ச்சல் நொடிக்கு நொடி மாறுவதன்று. ஆதலால் சில மணிக்கு ஒரு முறை அளந்தால் போதும். விரைந்து மாறும் பொருளை அடிக்கடி அளக்க வேண்டும். மெல்ல மாறுவதை எப்போதேனும் அளந்தால் போதும். ஒலிக்கும் இதுவே நியதி.

எத்தனை முறை அளந்தால் போதும் என்பதற்குத் திட்டமான விடை உண்டு. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளந்தால், அந்த அலை முழுவதையும், இடைவெளிகள் உட்பட, மீண்டும் வரைந்துவிடலாம். இதனை 1933-இல் ருஷ்ய நாட்டுக் கோடெல்னிக்கோவும், 1949-இல் அமெரிக்க நாட்டுக் கிளாட் ஷானனும் கணித முறையில் நிறுவிக் காட்டினர். மனிதனின் செவி ஏறத்தாழ விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்க வல்லது. அதன் இரு மடங்கு 40,000. 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் 44,100 என்னும் எண்ணைக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கமகத்தில் சுரம் விநாடிக்கு ஐந்து முறை அசைகின்றது என்று கொள்வோம். ஓர் அசைவுக்குள் 8,820 அளவுகள் அமைந்துவிடுகின்றன. ஆகவே கமகம் இடைவெளியில் விழ இடமே இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் சில வேளை பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். சக்கரத்தின் வேகத்துக்குப் படமெடுக்கும் வேகம் போதாமையே அதற்குக் காரணம். ஒலியிலும் இம்மயக்கம் நேரும். விநாடிக்கு 30,000 அதிர்வுகள் உள்ள, நம் செவிக்கு எட்டாத ஓர் ஒலியை 44,100 முறை அளந்தால், அது 14,100 அதிர்வுள்ள பொய்யொலியாகக் காதில் விழும். ஆதலால் மிக உயர்ந்த அதிர்வுகளை அளப்பதற்கு முன்பே வடிகட்டிவிட வேண்டும்.

ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் மிக அண்மையில் உள்ள படிக்குச் சரிசெய்து எழுதுகின்றது குறுந்தகட்டு முறை. இந்தச் சரிசெய்தலில் மிக மெல்லிய இரைச்சல் ஒன்று கலக்கின்றது. மிக நுண்ணியதாயினும் அதுவும் ஓர் இழப்பே.

பின் எதற்காக எண்ணாக்க வேண்டும்? 1937-இல் பாரிஸ் நகரில் தொலைபேசித் துறையில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதற்கு விடை கண்டார். நெடுந்தூரக் கம்பிகளில் குரலோடு இரைச்சலும் சேர்ந்து வளர்ந்தது. குரலை எண்ணாக்கி, 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே குறிகளாக அனுப்பினால், இடையில் நலிந்த குறியைப் புதிதாக எழுதி மேலே அனுப்பலாம் என்று அவர் உணர்ந்தார். எத்தனை முறை படியெடுத்தாலும் எண் தேய்வதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டு ஆசிரியை மகிழ்ந்தார். ஆனால் என் பையில் இரண்டாவது கருவி ஒன்றும் இருந்தது. அது அலையை எழுதுவதன்று, சுரத்தை எழுதுவது. மிடி என்னும் முறை 1983-இல் வெளியாயிற்று. விசைப்பலகைக் கருவிகளை மனத்தில் கொண்டு அமைந்தது அது. எந்த விசை, எவ்வளவு வேகம், எப்போது விடுபட்டது என்பனவே அதன் செய்திகள். வீணை ஒலியைக் கேட்டு, அஃது எந்தச் சுரம் என்று தீர்மானித்து, அச்செய்தியாக என் கருவி மாற்றும். தீர்மானிப்பது எளிதன்று. விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலியில் இரண்டு அதிர்வுகளையேனும் கேட்க விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு காத்திருக்க வேண்டும். தந்தி தன் அதிர்வோடு இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளையும் எழுப்புவதால், மேல் ஸ்தாயியென்று ஏமாறவும் கூடும்.

கருவிக்கு அவருடைய ஆதார சுருதியைக் காட்டினேன். முதலில் சங்கராபரணம் வாசித்தார். அதில் அசையாமல் நின்ற அந்தர காந்தாரத்தைக் கருவி சரியாக எழுதிற்று. அடுத்துத் தோடி வாசித்தார். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடுவது. அந்த ஆட்டமே காந்தாரம். திரையிலோ ரிஷபம், மத்திமம், மீண்டும் ரிஷபம், மீண்டும் மத்திமம் என்று வந்தது. ஆசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூர்ந்து பார்த்தார். "என் காந்தாரம் எங்கே, தம்பி?" என்றார்.

நான் விடை கூறவில்லை. அவருடைய அச்சம் பொய்யன்று, இடம்தான் வேறு. அளவுகளுக்கு இடையில் கமகம் தவறி விழவில்லை. 'சுரம் என்பது ஓரிடத்தில் நிற்பது' என்று முன்னரே முடிவு செய்துவிட்ட கருவியிடம் அது தொலைந்துபோயிற்று. அம்முறையிலும் சுரத்தை வளைத்துக் காட்ட 16,384 நுண்படிகள் உண்டு. ஆயினும் எது வளைவு, எது புதிய சுரம் என்பதைக் கருவிக்கு யாரேனும் கற்பித்தாக வேண்டும்.

மாணவ நண்பர்களே, அதனைக் கற்பிக்கக் கணிதம் மட்டும் தெரிந்தவரால் இயலாது. இசை மட்டும் தெரிந்தவராலும் இயலாது. இரண்டையும் பயில்பவர்கள் உங்களுள் சிலரேனும் இருப்பீர்கள். அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு விடை கூறும் பொறுப்பை உங்களிடமே விட்டு விடைபெறுகின்றேன்.