நாற்பத்திரண்டாவது பிள்ளை



சமூகப்பணியில் இன்று பட்டம் பெறும் உங்களிடம், இந்த மேடைக்கு அவ்வளவாகப் பொருந்தாத ஒன்றைப் பேசப் போகிறேன்: கணக்கு.

ஜூன் மாதம் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தின் வாசலில் போய் நில்லுங்கள். பெட்டியும் பிள்ளையுமாக வருகிறவர்களில் பலர் பெற்ற தாய்மார்கள். புருஷன் இறந்திருப்பான், இல்லையென்றால் விட்டுப் போயிருப்பான். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பிறகு ஏன் இந்தத் தாய்மார்கள் வருகிறார்கள்?

ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் 2009-இல் வந்தது. பிள்ளையைத் தாயிடமோ ஒரு வளர்ப்புக் குடும்பத்திடமோ வைத்துக் காப்பாற்ற, அதில் ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய். தலைக்கு மாதம் 2,000 என்று ஆனபோது வகுத்துப் பாருங்கள், 41 பிள்ளைகள். நாற்பத்திரண்டாவது பிள்ளையின் அம்மா, பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? இல்லத்தில் இடம் இருக்கிறது, சமையல்காரருக்குச் சம்பளம் இருக்கிறது, பிள்ளைக்கு இவ்வளவு என்று மானியமும் இருக்கிறது. உத்தரவில் கையெழுத்துப் போட்டது குழு, முடிவெடுத்தது பட்ஜெட்.

2022-இல் அந்தத் திட்டத்தின் இடத்தில் வந்த மிஷன் வாத்சல்யா இதை ஓரளவு திருப்பிப் போட்டது. குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000, இல்லத்தில் வளரும் பிள்ளைக்கான பராமரிப்பு மானியம் 3,000. நம் மாநிலத்தைப் பொறுத்தவரை மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. 2024-இல் தனியாக வாழ்கிறவர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்று வழிகாட்டுதலைத் தளர்த்தினார்கள், அதையும் வரவேற்கிறேன்.

ஆனால் இந்த 4,000 ரூபாய் நிதி ஆதரவைக் கேட்கும் கிராமத்துக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நாளுக்கு 250 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் வேலைக்குப் போகும் ஒரு விதவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 75,000. தாசில்தார் அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னால் அவள் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. மாதம் 250 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்த குற்றத்துக்கு 4,000 போயிற்று. பொய் சொன்னால்தான் பிள்ளை வீட்டில் இருக்கும் என்ற நிலையில் ஒரு தாயை நிறுத்துவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வரம்பை உயர்த்தக் கோப்பு எழுத வேண்டியவர்கள் யாரோ அல்ல, நாளைக்கு நீங்கள்தான்.

உங்களில் பலர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணிக்குப் போவீர்கள். சம்பளம் கொஞ்சம், வேலை நிரந்தரமில்லை. அதுவும் இந்தக் கணக்கில் ஒரு வரிதான்: வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் இல்லையென்றால் 4,000 ரூபாய் காகிதத்தில்தான் இருக்கும்.

சேர்ந்த முதல் வாரமே இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். நிதி ஆதரவுக்கு உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு ஒதுக்கீடு, எத்தனை விண்ணப்பம் காத்திருக்கிறது. பிறகு இல்லங்களின் பதிவேட்டை எடுத்து, தாய் உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதுங்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்டு அனுப்பும் கடிதத்தோடு அந்தப் பட்டியலை இணைத்து அனுப்புங்கள்.